எனக்கு மட்டும் கிடைத்த லீவு

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது எனக்கு மட்டும் ஒரு லீவு கிடைத்தது. எனக்கு மட்டும் என்றால், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் எங்கள் நாலு பேருக்கு. ஒரு கதையைக் காதால் கேட்டால் அப்படியே ஒப்பித்துவிடுவேன். அதையே புத்தகத்தில் காட்டினால் எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். அன்று மிஸ் என் தலையைத் தடவி, "நாளைக்கு நீ வர வேணாம்டா, வீட்ல ஜாலியா இரு" என்றார். அதற்கு முன் அவர் என் தலையைத் தொட்டதாக நினைவில்லை.

அக்கா அழுதே விட்டாள். ஐந்தாம் வகுப்பில் முதல் ரேங்க் அவள்தான். "நல்லா படிக்கிற எனக்கு இல்ல, இவளுக்கு இன்னாத்துக்கு லீவு?" ஒரு நாளாவது அவளை ஜெயித்துவிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தவள், விஷயத்தைக் கேட்டதும் யூனிபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு ஸ்கூலுக்கு யார்னா ஆபீசர் வராங்களா?"

"ஆமா, எல்லாரையும் படிக்கச் சொல்லிப் பாப்பாராம். உனுக்கு எப்டிம்மா தெரியும்?"

அவளுக்கா தெரியாது. வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்தால் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் லீவுதான். போன முறை அப்படிக் கிடைத்த லீவில்தான் எங்களைக் குன்றத்தூர் முருகன் மலைக்குக் கூட்டிப்போனாள். அந்த ஞாபகத்தில், "என் லீவுக்கும் மலைக்குப் போலாமா?" என்று கேட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போகாமல், எனக்கு இரட்டைச் சடை பின்னி, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனாள். லீவு போகிறதே என்று வழியெல்லாம் அழுதேன். கேட்டிலேயே ஹெட்மாஸ்டர் நிறுத்திவிட்டார்.

"ஒரு நாள்தானம்மா. இது படிக்கலன்னா எங்களத்தான் கேப்பாங்க."

"ஓரமா உக்காந்துகினு இருக்கும் சார். வாயே தொறக்காது."

"குழந்தைக்குத்தான் சங்கடம். புரிஞ்சிக்குங்க."

தெருக்குழாய்ச் சண்டையில் யாருக்கும் சளைக்காத அம்மா, "சரிங்க சார்" என்றாள். அந்தக் குரலை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

அங்கிருந்து நேராகக் குன்றத்தூருக்கு பஸ் ஏறினோம். மலைப்படியில் அவள் மெதுவாகப் பின்னால் வந்தாள். நான் பள்ளிச் சீருடையில் துள்ளிக்கொண்டு முன்னால் ஏறினேன். சன்னதியில் என்னை முன்னால் நிறுத்தி, "நல்லா வேண்டிக்க" என்றபோது அவள் கண் கலங்கியிருந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

மாசாமாசம் பள்ளிக்கு ஆபீசர் வர வேண்டும் என்று முருகனிடம் மனதார வேண்டிக்கொண்டேன்.