தண்ணீர் தெளிக்காத மூடை

பூமயில் வலைப்பதிவு தொடங்கியபோது அதில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. 2008ஆம் ஆண்டு ஆடி மாதம். ராமநாதபுரத்தில் பி.காம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். தொழில்முனைவு என்று ஒரு பாடம். 'தொழில்முனைவோர் என்பவர் யார்?' என்று புத்தகத்தில் இருந்ததைத் தமிழில் மாற்றி முதல் பதிவாகப் போட்டாள். அடுத்த வாரம் 'சந்தைப்படுத்துதல் என்றால் என்ன?' யாரும் படிக்கவில்லை. படிக்காததில் நியாயம் இருந்தது.

ஆனால் சனிக்கிழமை தவறியதில்லை. கல்லூரி முடிந்து ஊருக்குப் போகும் முதுகுளத்தூர் பஸ் கிளம்பும்வரை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பாக்கரின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தட்டச்சு செய்வாள். அந்த வருடம் மின்வெட்டு கடுமை. பாதிப் பதிவில் கரண்ட் போய் எழுதியது மொத்தமும் அழிந்த பிறகு, இரண்டு வரிக்கு ஒருமுறை சேமிக்கப் பழகினாள். படம் ஏற்றவும், படத்தின் அளவைக் குறைக்கவும் அங்கேயே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டாள்.

"தங்கச்சி, நீ எழுதுறதப் படிச்சா எனக்குத் தூக்கம் வருது" என்றார் பாக்கர் ஒரு நாள்.

"அப்ப ராத்திரி படிங்கண்ணே, மாத்திரை மிச்சம்."

"அதுக்கில்ல. போன வாரம் போன்ல உங்க அய்யாகிட்ட மிளகாய்ச் செடியில இலை சுருளுறதப் பத்தி அம்புட்டு நேரம் பேசுனியே. அதுல ஒரு வரி இதுல இருக்கா?"

அவளுக்குக் கோபம்தான் வந்தது. இருந்தாலும் அடுத்த சனிக்கிழமை இலைச் சுருட்டை பற்றி எழுதினாள். அதற்குத்தான் முதல் பின்னூட்டம் வந்தது.

அதன்பின் தங்கள் பக்கத்துக் குண்டு மிளகாயான முண்டு வத்தலைப் பற்றியே எழுதினாள். விதைப்பு, மழை பொய்த்த வருடம், பழம் பறிப்பது, களத்தில் காயப்போடுவது, மண்டியில் தரம் பிரிப்பது. நடை ஒன்றும் பிரமாதமில்லை; ஒரே சொல் மூன்று வரியில் மூன்று முறை வரும். ஆனால் பார்த்ததை மட்டும் எழுதினாள். கோயம்புத்தூரில் வீட்டிலேயே மசாலாப்பொடி அரைத்து விற்கும் தாஜுன்னிசா என்ற பெண் எல்லாப் பதிவையும் படித்துவிட்டு ஒரு மூடை வத்தல் நேராக அனுப்ப முடியுமா என்று கேட்டார். இன்னும் சிலரும், அவருக்கு எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்வதாக எழுதினார்கள்.

பூமயிலின் அப்பா மலையாண்டி மானாவாரி விவசாயி. மண்டியைத் தவிர வேறெங்கும் வத்தல் விற்றறியாதவர்.

"ஒரு மூடை தாரேன்த்தா. ஒழுங்கா போய்ச் சேந்தா வார வருசம் பேசுவோம். இல்லன்னா படிப்பு முடிஞ்சதும் மதுரையில கணக்கு எழுதுற வேலைக்குக் கிளம்பிரு. ரெண்டுல ஒன்னு."

அவள் ஒப்புக்கொண்டாள்.

மாசி மாதம் களத்தில் காய்ந்த வத்தலில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினார் மலையாண்டி. மூடை கட்டுவதற்கு முதல் நாள் சாயங்காலம் வழக்கம்போலத் தண்ணீர் தெளித்துத் தார்ப்பாய் போட்டு மூடினார். சருகாகக் காய்ந்த வத்தலை அப்படியே சாக்கில் போட்டு மிதித்தால் நொறுங்கிவிடும். ஈரம் ஏறினால் பதமாகும், மிதித்து அடைக்கலாம். பூமயில் பக்கத்தில் நின்று படம்கூட எடுத்தாள். மறுநாள் மூடை லாரி பார்சலில் கிளம்பியது.

பத்து நாள் கழித்து தாஜுன்னிசாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 'உள்ளே பூசணம் பூத்திருக்கிறது. நீங்கள் எழுதியதை நம்பித்தான் வாங்கினேன்.' கூடவே மூன்று படங்கள்.

பார்சல் கிடங்கில் நனைய விட்டுவிட்டார்கள் என்று பூமயில் சூடாக ஒரு பதிவு எழுதத் தொடங்கினாள். கூடவே போடுவதற்காக அந்தப் படங்களைப் பெரிதாக்கியபோது கை நின்றது. சாக்கு உலர்ந்திருந்தது. ஓரத்து வத்தலும் நன்றாக இருந்தது. நடுவில் மட்டும் வெள்ளை.

மண்டிக்குப் போகிற மூடை மறுநாளே பிரிக்கப்படும்; காற்று பட்டு உலர்ந்துவிடும். இந்த மூடை பத்து நாள் கட்டியபடியே கிடந்திருக்கிறது. இத்தனை மாதமாக வத்தலைப் பற்றி எல்லாவற்றையும் எழுதியவள் இந்தத் தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. மறைக்க நினைத்ததில்லை. தினமும் பார்ப்பது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

எழுதியதை அழித்தாள். புதிதாக எழுதியதை வெளியிடாமல் தாளில் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் அப்பாவிடம் வாசித்துக் காட்டினாள். 'மூடை கட்டுமுன் தண்ணீர் தெளிப்பது எங்கள் பகுதியில் வழக்கம்' என்று தொடங்கியது அது.

"நிறுத்து" என்றார் மலையாண்டி. "தெளிக்காம எவன் கட்டுறான்?"

"அதத்தான்யா எழுதியிருக்கேன்."

"வழக்கம்னு எழுதுனா ஊருக்கே சேத்து அடி விழும். ராமநாதபுரத்து வத்தல்னாலே ஈரம்னு நாளைக்கு எவனாச்சும் சொல்லுவான். மலையாண்டி தெளிச்சான்னு எழுது."

"உங்க பேரப் போட்டா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரன் பேரப் போடுவியா?"

"உங்கள மட்டும் சொன்னா அதுவும் பாதிப் பொய்தான்யா."

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். திரும்பி வந்து, "மண்டிக்குப் போறதுக்குத் தெளிக்கலாம், தூரத்துக்குப் போறதுக்குக் கூடாதுன்னு எழுத முடியுமா?" என்றார்.

அவள் எழுதியதிலேயே தெளிவான வாக்கியம் அதுதான், அது அவருடையது. அவர் பெயரையும் போட்டாள், தான் பக்கத்தில் நின்றதையும் போட்டாள். பதிவு வெளியானதும், ஆர்டர் தருவதாகச் சொன்னவர்களில் இருவர் விலகினார்கள். உண்மையைச் சொன்னால் எல்லோரும் தட்டிக்கொடுப்பார்கள் என்பதெல்லாம் இல்லை.

தாஜுன்னிசாவுக்கு வேறு மூடை அனுப்புவதாகச் சொல்லி, கூடவே எழுதினாள்: 'தண்ணீர் தெளிக்காவிட்டால் வத்தல் நொறுங்கும். என்ன செய்வது என்று தெரியவில்லை.'

பதில் அன்றைக்கே வந்தது. 'நொறுங்கினால் என்ன? நான் அரைக்கத்தானே போகிறேன். விதை சிந்தாமல் இருந்தால் போதும்.'

பூமயில் அதை இரண்டு முறை படித்தாள். முழுசாக இருந்தால்தான் விலை என்பது மண்டியின் கணக்கு. வாங்கி அரைப்பவருக்கு என்ன வேண்டும் என்று இதுவரை அவர்கள் யாரும் கேட்டதில்லை. பாடநூலில் இதற்கு ஒரு அத்தியாயமே இருந்தது. அவளே அதைத் தமிழில் பதிவாகவும் போட்டிருந்தாள்.

பழைய வேட்டியைச் சாக்குக்குள் விரித்துத் தைத்து, தெளிக்காத வத்தலை மிதிக்காமல் நிரப்பினார்கள். பங்குனிக் கடைசியில் அது போய்ச் சேர்ந்தது. கால்வாசி நொறுங்கியிருந்தது. பூசணம் இல்லை. மறுபடியும் ஒரு மூடை கேட்டார் தாஜுன்னிசா.

செய்தியைச் சொன்னபோது மலையாண்டி களத்தில் வத்தலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அப்ப இம்புட்டு வருசமா யாருக்காகத் தெளிச்சோம்?"

"மண்டிக்குத்தான்."

கொஞ்ச நேரம் கிளறினார். களத்தின் ஒரு ஓரத்தைக் காலால் கோடு போட்டுப் பிரித்தார்.

"மதுரை இருக்கட்டும். இங்கன இருக்கிறது பூராம் உனக்கு. இதுல தண்ணி படாது" என்றார். பிறகு, "அந்தம்மாட்ட இன்னொன்னு கேளுத்தா. காம்பு இருக்கணுமா, கிள்ளிப் போட்ரணுமா?"

அந்தச் சனிக்கிழமைப் பதிவின் தலைப்பு அந்தக் கேள்விதான்.