அக்காவும் சம்மட்டியும்

என் அக்காவுக்குப் பல்லி என்றால் பயம், லிஃப்ட் என்றால் பயம், குக்கர் விசில் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். அப்படிப்பட்டவள் தேடிப் பிடித்த வேலையைப் பாருங்கள்: மலைச்சரிவு எங்கே நிற்கும், எங்கே சரியும் என்று சோதித்துச் சொல்வது. சரிவில் கேபிளை நீளமாகப் போட்டு, அதிர்வை உணரும் சின்னக் கருவிகளை வழிநெடுக மண்ணில் குத்திவைப்பாள். பிறகு ஓர் இரும்புத் தகட்டின்மேல் சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. அந்த அதிர்வு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை வைத்து, அடியில் இருப்பது பாறையா ஊறிய சேறா என்று தெரிந்துகொள்வாள். அந்நேரம் பக்கத்தில் யாராவது நடந்தால் அதுவும் கணினித் திரையில் பதிந்து காரியத்தைக் கெடுக்கும். "அசையாதீங்க!" என்று அவள் போடும் கூச்சலில் மரத்துக் காக்கைகூடப் பறந்துவிடும்.

விடாமல் கொட்டிய மழை ஓய்ந்த ஒரு காலையில், எங்கள் தெருவுக்கு மேலே இருந்த சரிவுக்கே வந்துவிட்டாள். கடைசி வீடு எங்களுடையது. நர்ஸாக வேலை பார்க்கும் என் மனைவி இரவுப் பணி முடிந்து வந்து, கதவைத் தாழிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வேடிக்கை பார்க்க மேலே ஏறினேன்.

"டேய், அசையாதடா!"

"கல்லு மாதிரிதானேக்கா நிக்கிறேன்."

"அப்ப இது யாரு?"

சம்மட்டி தரையில் கிடந்தது. திரையில் கோடுகள் துடித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் மோட்டாராக இருக்கும் என்று வீடு வீடாகப் போன் செய்து நிறுத்தச் சொன்னாள். அடங்கவில்லை. என்னை எருமை என்று திட்டி, ஒரு பாறைமேல் உட்காரவைத்தாள். அப்போதும் அடங்கவில்லை. அதன்பிறகுதான் கேபிளைக் கவனித்தாள். காலையில் தொய்வாக விட்டிருந்தது, இப்போது துணி காயப்போடும் கொடிபோல விறைத்து நின்றது. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"மண்ணு நகருதுடா. அவ எங்க?"

"வீட்டுல தூங்கிட்டிருக்கா!" என்றேன். அக்கா சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட, நான் பின்னால் ஓடினேன். அவளோடு வந்த டிரைவர் ஹாரனை அழுத்தி மற்ற வீடுகளைக் காலி செய்யவைத்தார். எல்லாக் கதவும் திறந்தது, எங்கள் கதவைத் தவிர. நிலையே கோணிப்போயிருந்தது. ஜன்னல்களிலோ திருடனுக்குப் பயந்து நானே போட்ட இரும்புக் கம்பிகள்.

"தாழ்ப்பாள எடுத்துட்டேங்க, கதவு வரமாட்டேங்குது!" என்று உள்ளேயிருந்து மனைவி அலறினாள்.

அக்கா சம்மட்டியை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அடிச்சா அந்த அதிர்வுல மொத்தமும் வந்துட்டா என்னடா பண்றது?"

உள்ளேயிருந்து மனைவி கதவைத் தட்டினாள்.

"அண்ணி, பயமா இருக்கு அண்ணி!"

"எனக்கும்தாண்டி. தள்ளி நில்லு."

அடித்தாள். ஒவ்வோர் அடிக்கும் நான் கதவைப் பார்க்கவில்லை, மலையைத்தான் பார்த்தேன். பலகை பிளந்ததும் மனைவியை வெறுங்காலோடு இழுத்துக்கொண்டு ஓடினோம். பெரிய சாலையைத் தொடும்போது முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தெருவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. வீடுகள்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

சாயங்காலம் சமவெளியில் இருக்கும் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தோம். எங்கும் மேடு கிடையாது, சரிவு கிடையாது. ஆனாலும் அக்கா ஒரு கருவியைக் கொண்டுவந்து படுக்கையறைத் தரையில் வைத்துத் திரையோடு இணைத்தாள்.

"கொஞ்ச நேரம் யாரும் அசையாதீங்க," என்றாள். கூச்சல் இல்லை, கெஞ்சல்.

மூன்று பேரும் தரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கோடு நேராகப் போனது. பிறகு மெல்லத் துடிக்கத் தொடங்கியது. அக்கா துள்ளி எழுந்து என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். மனைவி மட்டும் எழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு முழுக்கக் குலுங்கச் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

அக்கா திரும்பிப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். கோடு இன்னும் பெரிதாகத் துடித்தது.