டோக்கன் வாங்கி உட்கார்ந்தவள்

சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்த மர்சலினுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. அவள் மைதானத்தில் "அட்டென்ஷன்" என்று கத்தினால் வெளியே சாலையில் போகிறவன்கூட ஒரு கணம் விறைத்து நிற்பான். அப்படிப்பட்டவள் ஒரே ஒருவர் முன்னால் மட்டும் குரலைத் தாழ்த்தினாள். பாண்டி பஜாருக்குப் பின்தெருவில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் குருபிரசாத். மகள் சோஃபியா பிறந்ததிலிருந்து காய்ச்சல், சளி எல்லாவற்றுக்கும் அவர்தான். கைராசிக்காரர் என்று ஊர் சொன்னது. அவளும் சொன்னாள்.

சோஃபியாவுக்கு ஒன்பது வயதில் வயிற்றுவலி ஆரம்பித்தது. சாப்பிட்டதும் சுருண்டு படுத்துக்கொள்வாள். வயிற்றுப்போக்கு நிற்காது. குருபிரசாத் முதலில் பூச்சி மருந்து கொடுத்தார். அது பலிக்காதபோது, "வலியெல்லாம் ஒண்ணும் இல்லை, ஸ்கூலுக்குப் போகப் பயம். அம்மாவே அங்க டீச்சர்னா வேற எப்படி இருக்கும்!" என்று சிரித்தார். பெண் இளைத்துத் துரும்பானபின் குடலில் காசநோய் என்று மாத்திரை எழுதினார். அதையும் முழுசாக விழுங்கித் தீர்த்தாள், தேறவில்லை. காலை அணிவகுப்பில் பிள்ளைகள் உயர வரிசையில் நிற்பார்கள். நடுவில் நின்ற சோஃபியா மெல்ல மெல்ல முன்னால் தள்ளப்பட்டு, வகுப்பிலேயே குள்ளமான பெண்ணாக முதல் இடத்துக்கு வந்துவிட்டாள். அவளைத் தோளைப் பிடித்து அங்கே நிறுத்தியவள் அவள் அம்மாதான்.

தொண்ணூற்று நான்கின் கடைசியில் பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. அரசு மருத்துவமனையிலிருந்து வந்திருந்த இளம் டாக்டர் ஜெயலக்ஷ்மி சோஃபியாவைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு மர்சலினைத் தனியே அழைத்தாள்.

"இது காசநோய் மாதிரி தெரியலை டீச்சர். க்ரோன்ஸ்னு ஒரு வியாதி. குடல் தானா புண்ணாகி வீங்கும். நம்ம ஊர்க் குழந்தைகளுக்கு வராதுன்னே பல பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க."

"மருந்து இருக்கா டாக்டர்?"

"இருக்கு. இந்த வியாதி வந்த எல்லாக் குழந்தைக்கும் குடல் கெட்டுப்போறதில்லை. யாருக்குக் கெடும்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது. ஆனா இவ வளர்த்தி நின்னுபோச்சு. ஆசனவாய்கிட்ட ஆறாத புண் இருக்கு. சாப்பிட்டா வயிறு கல்லு மாதிரி உப்புது. எல்லாம் சேர்ந்து எனக்குப் பயமா இருக்கு. குடல் சுருங்கி அடைச்சுக்கலாம், ஓட்டை விழலாம். தள்ளிப்போடாம அட்மிட் பண்ணுங்க."

அன்று மாலையே மர்சலின் குருபிரசாத்திடம் ஓடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"யாரு அந்தப் பொண்ணு? நேத்திக்குப் படிச்சு முடிச்சதா? டாக்டருக்குப் படிச்சுட்டு ஜோசியம் சொல்லிண்டிருக்கு. எங்கிட்ட நம்பிக்கை இல்லேன்னா தாராளமா அங்கேயே போங்கோ."

"மன்னிச்சிடுங்க டாக்டர்" என்றாள் மர்சலின். அவர் வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு வந்தாள்.

குருத்தோலை ஞாயிறன்று பவனியில் நடந்துகொண்டிருந்த சோஃபியா, ஓலையைக் கையில் பிடித்தபடியே தரையில் சரிந்தாள். வயிறு பலகைபோல இறுகியிருந்தது. மருத்துவமனையில் திறந்து பார்த்தார்கள். குடல் ஓட்டையாகி உள்ளே எல்லாம் சீழ். ஒரு பகுதியை வெட்டி எறிந்து, மிச்சக் குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து வைத்து, மலம் சேர அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். பெண் பிழைத்தாள்.

மர்சலின் அழவில்லை. வார்டு வாசலில் உட்கார்ந்து, "மன்னிச்சிடுங்க டாக்டர்" என்று தன் வாயால் சொன்னதையே நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தாள். கணவன் ஃபிரெட்ரிக் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வேலை செய்தவன், சாது. "விட்டுடு மர்சி, ஆண்டவர் பாத்துக்குவார்" என்றான். "அவர் பாக்கட்டும். நானும் பாக்குறேன்" என்றாள். மனசுக்குள் பகையை வைத்துக்கொண்டு நன்மை அப்பம் வாங்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் பூசையில் எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது அவள் இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பகையை விடுவதாக இல்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. மாலை மணி அடித்ததும் அவள் தி. நகர் பஸ் பிடித்தாள். குருபிரசாத்தின் கம்பவுண்டர் கபாலியிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் முறை வந்தபோது, "எனக்கு அவசரமில்லை, அடுத்தவங்களை அனுப்பு" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்மார்களிடம் பேச ஆரம்பித்தாள். பொய்யாக ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை. தன் பெண்ணுக்கு நடந்ததை மட்டும், மைதானத்துக் குரலில், கதவுக்கு உள்ளே இருப்பவருக்கும் கேட்கும்படி சொன்னாள். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள்.

கபாலி கெஞ்சினான். "இன்னா டீச்சரம்மா, தெனிக்கும் வந்து குந்திக்கினு கீற? ஜனமே வர்றதில்ல. என் பொயப்புல மண்ணு போடாதம்மா."

"உன் மேல எனக்குக் கோவம் இல்லை கபாலி."

ஒருநாள் குருபிரசாத்தே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். "என்னதான் வேணும் உங்களுக்கு? கேஸ் போடணும்னா கோர்ட்டுக்குப் போங்கோ."

"கோர்ட்டுக்கு நீங்க வக்கீலை அனுப்புவீங்க. எனக்கு நீங்கதான் வேணும். 'எனக்குச் சொன்னாங்க, நான் கேக்கலை'ன்னு இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

அவர் முகம் கறுத்தது. கதவைச் சாத்திக்கொண்டார். காலியாகிவந்த பெஞ்சுகளைப் பார்க்கப் பார்க்க மர்சலினுக்கு இனித்தது.

மழைக்காலத்தில் ஒரு மாலை, ரங்கநாதன் தெருவில் வளையல் கடை வைத்திருந்த ஜைதூன் பீ தன் மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். சோஃபியா வயதுதான், ஒல்லி.

"சாப்பிட்டா வலிக்குதா? வாந்தி வருதா?" என்று மர்சலின் கேட்டாள். ஜைதூன் பீ தலையாட்டினாள். "உள்ளே போகாதீங்க. என் பொண்ணுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. இங்கே காட்டினா குடல் போயிடும். காலையில கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ஜெயலக்ஷ்மி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

அந்தத் தாய் வாசலோடு திரும்பிப் போனாள்.

மறுநாள் பள்ளி ஆபீசுக்கு ஜெயலக்ஷ்மியிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், நீங்க அனுப்பின பிள்ளைக்கு அப்பெண்டிக்ஸ். ராத்திரியே வெடிச்சிடுச்சு. இப்போதான் ஆபரேஷன் முடிஞ்சுது. சாயந்திரமே குருபிரசாத் கைவெச்சுப் பாத்திருந்தா கண்டுபிடிச்சிருப்பார். உங்க பொண்ணைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் நான் அப்படிச் சொன்னேன். நீங்க யாரைப் பாத்துக் குறி சொல்றீங்க?"

மர்சலின் ஆட்டோவில் போய் இறங்கினாள். வார்டில் ஜைதூன் பீ முன்னால் நின்று, "தப்பு என்னுது" என்றாள். ஜைதூன் பீ ஓங்கி ஒரு அறை விட்டாள். மர்சலின் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. பெண்ணுக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று நர்ஸ் சொன்னபிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அந்தக் குடும்பம் குருபிரசாத்துக்குப் பழக்கம். விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்த அவர், தாழ்வாரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ தெரியறதா? யாருக்கும் தப்பு நேர்றது உண்டு."

மர்சலினின் கன்னம் எரிந்துகொண்டிருந்தது. "தெரியுது. நான் அவங்க எதிர்ல வந்து நின்னேன், அறையும் வாங்கிட்டேன். நீங்க எப்போ வர்றீங்க டாக்டர்?"

அந்த ஞாயிறு பிற்பகல் அவர் அவள் வீட்டுக்கு வந்தார். மர்சலின் அவரை உட்காரச் சொல்லவில்லை. சோஃபியா கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"பை மாத்துற நேரம். தினம் நான்தான் மாத்துறேன். இன்னைக்கு நீங்க மாத்துங்க" என்றாள் மர்சலின். மகளைப் பார்த்தாள். சோஃபியா அவரை முறைத்தபடியே சட்டையைத் தானே தூக்கிக்கொண்டாள்.

அவர் கை கழுவிவிட்டு வந்து குனிந்தார். பழக்கமில்லாத வேலை. பை இரண்டு முறை நழுவி, அவர் சட்டைக் கையெல்லாம் மலமானது. அம்மாவும் பெண்ணும் உதவவில்லை. ஒருவழியாக ஒட்டி முடித்து நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"எனக்குச் சொன்னாம்மா. நான் கேக்கலை."

"நானும்தான் சொன்னேன், வலிக்குதுன்னு" என்றாள் சோஃபியா. "ஸ்கூலுக்குப் பயந்து பொய் சொல்றேன்னீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனார்.

மனசு ஆறிவிடும் என்று மர்சலின் எதிர்பார்த்திருந்தாள். ஆறவில்லை. அவரைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு முறை மாற்றச் சொல்லலாம் போலத்தான் இருந்தது. ஆனால் கிளினிக் பெஞ்சுக்கு மறுபடி போகவில்லை. போகவிடாமல் தடுத்தது அவர் சொன்ன வார்த்தை அல்ல, ஜைதூன் பீயின் கை.

அடுத்த ஆண்டு குடலைச் சேர்த்துத் தைத்து, பையை எடுத்தார்கள். ஜெயலக்ஷ்மியின் மருந்தில் சோஃபியா கொஞ்சம் உயர்ந்தாள். வியாதி போவதும் வருவதுமாக இருந்தது. வளர்த்தி நின்ற குழந்தை எது வந்தாலும் குருபிரசாத் தானே ஜெயலக்ஷ்மிக்கு அனுப்பிவைப்பதாகக் கேள்விப்பட்டபோது, "அனுப்பட்டும்" என்றதோடு நிறுத்திக்கொண்டாள் மர்சலின்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்பு பாண்டி பஜாரில் அவளும் சோஃபியாவும் துணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே வந்த குருபிரசாத் நின்று கைகூப்பினார். நன்றாகவே மூப்படைந்திருந்தார். மர்சலின் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "இதுலயே நீலம் இருக்கா?" என்று கேட்டாள்.