சீர் வராத வீடு

ஒரு ஜப்பான்காரச் சிறுமியைப் பார்த்து என் வயிறு எரியும் என்று நான் நினைக்கவில்லை.

ஞாயிறு மதியம் பழனிசெட்டிபட்டியில் கல்லூரி மாணவிகள் திரையிட்ட படத்துக்கு அம்மாவையும் சித்தியையும் கூட்டிப்போயிருந்தேன். படத்தில் சிறுமி வயதுக்கு வந்ததும் அவளுடைய அம்மா சிவப்புப் பயறு போட்டுச் சோறாக்கினாள். அவ்வளவுதான் விசேஷம். பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள். வாசலில் ஒருவர் பெட்டியோடு நின்றார்.

"தாய்மாமன் சீரோட வந்துட்டாக" என்றாள் சித்தி. வந்தவர் கூரியர்காரர்.

"சடங்கு இல்ல, சீர் இல்ல. பாவம் அந்தப் புள்ள" என்று அம்மா கண்ணைத் துடைத்தாள்.

பாவமாம். என் சடங்குக்கு மாமா வைத்த ஃப்ளெக்ஸ், பட்டுச்சேலையில் என் முகத்தோடு, பேருந்து நிறுத்தத்தில் ஒரு மாதம் நின்றது. அதன் கீழேதான் தினமும் பள்ளிக்குப் பஸ் ஏறினேன். படத்துச் சிறுமியும் மறுநாள் பள்ளிக்குப் போனாள். வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது.