தானாக வந்த தோல் வண்டி

"டிரைவரே இல்லாம காரா? இன்னா சார், வெயில் நேரத்துல பேஜார் பண்றீங்க!"

மூன்று வாரங்களுக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் காதர் பாய் என்னைக் கேட்டது இது. மேல்விஷாரத்தில் டீக்கடை வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடிந்துதான் கடை திறப்பார்; அப்போதுதான் திறந்திருந்தார். பஸ் வரும்வரை பொழுது போகவேண்டுமே... வருங்காலத்தில் கார் தானே ஓடி, தானே திரும்பி, தானே நிற்குமாம் என்று எங்கோ படித்ததை அளந்துகொண்டிருந்தேன்.

பாய் ரோட்டைக் காட்டிச் சிரித்தார்.

"வெள்ளைக்காரன் இப்பத்தான் கண்டுபுடிக்கிறானா? நம்ம முனுசாமி வண்டியப் பாருங்க!"

பார்த்தேன். தோல் ஏற்றிய மாட்டுவண்டி. முன்னால் ஆள் இல்லை. கயிறு தொங்குகிறது. எல்லோரும் சாப்பிடப் போய்விட்ட வெறிச்சோடிய ரோட்டில், வண்டி மட்டும் நிதானமாக வருகிறது. எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டது. கடை வாசலில் வந்து நின்றது.

"உள்ள தூங்குவான் சார். மாடுங்களுக்கு வழி அத்துப்படி" என்றபடி பாய் டீயை ஆற்றினார். "டேய் முனுசாமி, எழுந்திருடா! மாமியார் வூடா இது?"

பதில் இல்லை. ஒரு டீ குடிக்கும் நேரம் மாடுகள் நின்றன. பிறகு — யாரும் அதட்டவில்லை, யாரும் கயிற்றை இழுக்கவில்லை — தாமாகவே நடக்க ஆரம்பித்தன.

பாயின் சிரிப்பு நின்றுவிட்டது.

"சார்... காலைல தோல்ஷாப்புக்குப் போன லோடு இது. இன்னும் எறக்கலியே?"

ஓடிப்போய் எட்டிப் பார்த்தோம். உப்புத் தோல்களின் மேல் முனுசாமி மல்லாந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண்கள் மட்டும்... எங்களையே பார்த்தன.

தோல் பதனிடும் அந்தத் தோல்ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்கு வண்டிக்காரர் வெளியிலிருந்து குரல் கொடுத்தால்தான் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார். வழியிலேயே முனுசாமிக்குப் பக்கவாதம். மாடுகள் பழக்கப்படி கேட்டுக்குப் போயின. குரல் இல்லை, கேட் திறக்கவில்லை. திரும்பி, மூடியிருந்த டீக்கடைக்கு வந்தன. மறுபடியும் கேட்டுக்கு... காலையிலிருந்து இதே சுற்று! பார்த்தவர்கள் எத்தனை பேரோ? தூங்குகிறான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்று பாய் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மாடுகள் மசியவில்லை. அந்தக் கேட் இருக்கும் பக்கமே கழுத்தைத் திருப்பின. கடைசியில் ஒரு லாரியை மறித்துத்தான் அவரை ஏற்றினோம்.

பிழைத்துக்கொண்டார். முந்தாநாள் நானும் பாயும் பார்க்கப் போனபோது, குழறலாகப் பேச்சு திரும்பியிருந்தது.

"எல்லார் கொரலும் கேட்டுச்சு பாய். வாட்ச்மேன் கேட் சந்துல பாத்துட்டு 'தூங்குறான், வுடு'ன்னது... நீ சிரிச்சது... எல்லாம். 'எட்டிப் பாருங்கடா'ன்னு உள்ளுக்குள்ள கத்திக்கினே இருந்தேன். வாய்தான் தொறக்கல."

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டிரைவரில்லாத கார் வரட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஒன்று உங்களைத் தாண்டிப் போனால் மட்டும்... உள்ளே ஒருமுறை எட்டிப் பாருங்கள்.