அம்மாவின் ஒப்பாரியும் அண்ணையின் இசைத்தட்டும்

அண்ணையின் முதல் இசைத்தட்டு எங்கள் அலுமாரியில், அம்மாவின் செபப் புத்தகத்துக்குக் கீழே கிடக்கிறது. அட்டையில் அண்ணை அக்கோடியன் வாத்தியத்தை மடியில் வைத்துச் சிரிக்கிறார். பின்பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கும் பெயர்களில் அம்மாவின் பெயர் இல்லை.

கடலுக்குப் போன அப்பா பிரேதமாகத்தான் எங்கள் ஊரான ஊர்காவற்றுறைக்குத் திரும்பினார். அண்ணை அப்போது ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் பால்கன் நாடொன்றில் அகப்பட்டு, கலியாண வீடுகளில் எக்காளம் ஊதுகிறவர்களோடு திரிந்துகொண்டிருந்தார். வர ஏலாது, அம்மா அழுகிற சத்தத்தையாவது அனுப்பு என்று எனக்கு எழுதினார். செத்தவீட்டு ஒப்பாரியை வேறெங்கும் வாயில் எடுக்கக்கூடாது, எடுத்தால் இன்னொரு சாவைக் கூப்பிட்ட மாதிரி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தெரிந்தும், அப்பாவின் முப்பத்தோராம் நாள் அம்மா ஒப்பாரி சொன்னபோது கதிரைக்குக் கீழே ரேப் றெக்கோடரை ஒளித்துவைத்துப் பதிந்து அனுப்பினேன். அண்ணைக்குத்தானே என்று நினைத்தேன். என் முட்டாள்தனம் அதுதான்.

சண்டை இடையில் ஓய்ந்திருந்த சமாதானக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பாதை திறந்ததும், கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் இசைத்தட்டு வந்தது. எந்தக் கம்பனியும் இல்லாமல் அண்ணை தானே வெளியிட்டது. பெருமை தாங்காமல் அயலட்டைச் சனத்தைக் கூப்பிட்டுப் போட்டேன். நாலாவது பாட்டில் அம்மா அழுதார். "தோணி கரைக்கு வந்திட்டுது, தண்டு வலிச்ச கை எங்க ராசா?" அந்த அழுகைக்கு அடியில் எக்காளங்களும் மேளமும் துள்ளின. முற்றத்தில் பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள். பாட்டு நன்றாக இருந்ததுதான் கொடுமை. என் காலும் தாளம் போட்டது.

அம்மா குசினி அடுப்படியிலிருந்து வந்தார்.

"நான் அழுததுக்கு உவன் கலியாண மேளமோ அடிக்கிறான்? ஆர் பதிஞ்சு குடுத்தது?"

"நான்தான் அம்மா."

"கேட்டிருந்தா ஏலாதெண்டு சொல்லியிருப்பன். அதுதான் நீ கேக்கேல்லை, என்ன?"

அதன்பின் அம்மா எந்தச் செத்தவீட்டிலும் ஒப்பாரி சொல்லவில்லை. சொந்தத் தங்கச்சியின் பிரேதத்துக்குப் பக்கத்திலும் செபமாலையைப் பிடித்துக்கொண்டு ஊமையாக இருந்தார். கல்நெஞ்சுக்காரி என்று ஊர் கதைத்தது.

சண்டை ஒரேயடியாக முடிந்த வருடம் அம்மாவும் போய்விட்டார். அண்ணை போனில் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கேட்டார்: "ஆரும் ஒப்பாரி சொன்னவையோ? பதிஞ்சனியோ?"

போனை வைத்தேன்.

நான் அனுப்பிய ஒலிநாடா அண்ணையிடமும் இல்லையாம். அம்மாவின் குரல் வேண்டுமென்றால் இந்தத் தட்டுத்தான். அம்மாவின் ஆண்டுப் பூசை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திவிட்டு நாலாவது பாட்டைப் போடுகிறேன். அம்மா அழுகிறார். அடியில் யாருடையதோ கலியாணம் நடக்கிறது.