மூன்றாம் தடவை

கனடாவில் மகள் வீட்டில் இருந்த மூன்று மாதத்தில் நான் பழகிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகியும் திண்டுக்கல்லை விட்டு அசையாதவனை, மகள்தான் டிக்கெட் போட்டு வரவழைத்தாள். பக்கத்திலிருக்கும் கொடைரோட்டுக்குப் போவதென்றாலும் துணைக்கு ஆள் தேடுகிறவன், அங்கே பனியில் தனியாகப் பஸ் ஏறினேன். பயம்தான். ஆனாலும் ஏறினேன்.

எங்கள் ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பதுதான் மரியாதை. கொடுப்பவர்களும் விடமாட்டார்கள். மூன்றாம் தடவை வாங்கிக்கொள்ளலாம். கேட்டதும் கை நீட்டினால் பறக்காவெட்டி என்று பெயர் வாங்க வேண்டியதுதான். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள்தான் என் மகள். அங்கே போன பன்னிரண்டு வருடத்தில் மறந்துவிட்டாள் போல. போய் இறங்கிய அன்றே, "காபி போடவாப்பா?" என்றாள். "வேணாம்மா" என்றேன். காபித்தூள் டப்பாவை மூடிவிட்டாள்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாயங்காலம் வரை தலைவலியோடு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வெட்கத்தை விட்டு, "போடும்மா" என்று சொல்லப் பழகினேன். காபிக்கு மட்டும்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கையில், பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "இங்கயே எங்ககூட இருந்துருங்களேன்ப்பா. விசா பேப்பரெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை நாளும் காத்திருந்தேன். "அதெல்லாம் வேணாம்மா, வீடு பூட்டிக் கெடக்கு" என்று வாய் தானாகச் சொன்னது. இன்னொரு தடவை கேட்பாள் என்று நின்றேன். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"சரிப்பா, உங்க இஷ்டம்."

ஏர்போர்ட்டில் கேட்பாள் என்று பார்த்தேன். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டேனா என்று மட்டும் கேட்டாள்.

இப்போது இங்கே ஒரே தட்டைக் கழுவி அதிலேயே சாப்பிடுகிறேன். எதிர்வீட்டுத் தோல் வியாபாரியின் மனைவி வெள்ளிக்கிழமைகளில் பிரியாணி கொண்டுவருவார். வேண்டாம் என்பேன். "அட வாங்கிக்கங்கண்ணே, இம்புட்டையும் நாங்களே திங்கவா போறோம்?" என்று கையில் திணித்துவிட்டுத்தான் நகருவார்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் கேட்டாள். "அங்க தனியா இருக்கக் கஷ்டமா இருக்காப்பா?"

இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று போனை இறுக்கிப் பிடித்தேன்.

"எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்."

"சரிப்பா" என்றாள்.